பொத்தானை விட்ட பிறகு சொன்னவை

துவாரகனுக்கு இரண்டு குரல்கள். இரண்டையும் கேட்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீனன்குடாவில் ஒரு பெரிய களஞ்சியத்தின் வாசலுக்கு உள்ளே லொறி நிறுக்கும் தராசு இருக்கிறது. லொறி ஏறி நிற்கும் மேடை, அதற்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை. அறைக்குள் துவாரகன் எடை பார்ப்பான், நான் பில் அடிப்பேன். வெளியே நிற்கும் சாரதியோடு பேச மேசையில் ஒரு மைக். பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும்தான் குரல் வெளியே போகும்.

அழுத்துவான். “அண்ணை, கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ. காணும், காணும். நல்லது அண்ணை.” விரலை எடுப்பான். “மாடு மேய்க்க வேண்டியவனெல்லாம் லொறி ஓட வெளிக்கிட்டா இப்பிடித்தான்.” அடுத்த லொறி வரும். அழுத்தினால் தேன், விட்டால் வேப்பெண்ணெய். நாள் முழுக்க இது நடக்கும். ஆள் கெட்டவன் இல்லை. மனசுக்குள் வைத்துப் பழுக்கவிடாமல் அவ்வப்போது துப்பிவிடுகிற சாதி. நான் பில்லைப் பார்த்துக்கொண்டு சிரிப்பேன்.

அவனுடைய மனைவி கீர்த்தனி என்னோடு படித்தவள். இருவரும் பாலையூற்றில் குடியிருக்கிறார்கள். ஆகவே பகலில் துவாரகன் பக்கத்துக் கதையும் பின்னேரம் போனில் கீர்த்தனி பக்கத்துக் கதையும் எனக்கு வந்து சேரும். கேட்க எனக்கும் நேரம் இருக்கிறது. என் கணவர் கட்டாரில். வெள்ளிக்கிழமை போன் எடுப்பார், “சாப்பிட்டாச்சோ” என்பார், “சரி” என்பார், வைப்பார்.

இனி முனாப். கிண்ணியாக்காரன். தொழில்நுட்பக் கல்லூரியில் துவாரகனோடு ஒரே வாங்கில் இருந்தவன். இப்போது போன் கவரும் சார்ஜரும் விற்கிற கடை வைத்திருக்கிறான். இருவருக்கும் ஒரே பைத்தியம், கொம்பியூட்டரில் லொறி ஓட்டுகிற கேம். “பகல் முழுக்க லொறி பார்க்கிறது காணாதோ?” என்று துவாரகனிடம் கேட்டேன். “அங்க நான் நினைக்கிற இடத்தில லொறி நிக்கும், நிவேதிகா” என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

விளையாடுவதை வீடியோவாகப் பதிந்து சனலில் போட முதலில் தொடங்கியவன் துவாரகன்தான். இதை அவன் எல்லோருக்கும் சொல்லுவான், கேட்காதவர்களுக்கும் சொல்லுவான். முனாப் பிறகுதான் வந்தான். வந்தவன் லொறியை ஓட்டிக்கொண்டே கடைக்கு வந்த ஆளைப் பற்றி, மாமி வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி, பாலத்தில் மாட்டை விரட்டியதைப் பற்றிக் கதைத்தான். சனம் அள்ளுப்பட்டுப் போய்ப் பார்த்தது. எங்கள் வாசலுக்கு வெளியே வரிசையில் காத்துக்கிடக்கும் சாரதிமார்கூட அவனைத்தான் பார்ப்பார்கள். அவனுடைய வீடியோக்களுக்குக் கீழே எப்போதும் யாராவது கேட்டிருப்பார்கள், ‘எதில ரெக்கோர்ட் பண்றீங்க?’ துவாரகனிடம் ஒரு குஞ்சும் அப்படிக் கேட்டதில்லை.

இதையெல்லாம்கூட அவன் தாங்கியிருப்பான். தாங்க முடியாமல் போனது குசினியில்.

கீர்த்தனிக்குச் சமைக்கும்போது ஏதாவது ஓடவேண்டும். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து முனாப்பின் வீடியோவைப் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டுவாள். அவளுடைய சிரிப்பு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்பால் எங்கள் வரிசை முழுவதும் தண்டனையாக எழுந்து நின்றிருக்கிறது. அந்தச் சிரிப்பு குசினியிலிருந்து வரும், துவாரகன் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவனுடைய வீடியோவையும் அவள் போடுவாள், கடமைக்கு. லொறி முதல் சந்தியைத் தாண்டுவதற்குள் அவளுக்கு வேறு வேலை வந்துவிடும்.

“ஒண்டே ஒண்டு, நிவேதிகா. ஒரு வீடியோவை அவள் கடைசிமட்டும் பாக்கோணும். முனாப்பின்ரைக்குச் சிரிக்கிற மாதிரிச் சிரிக்கோணும். பிறகு நான் சனலை மூடினாலும் பரவாயில்ல” என்று ஒருநாள் சொன்னான். அப்போது மேடையில் லொறி நின்றது, அவன் பார்க்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பாரத்தோடு வரும் லொறியை நிறுப்போம். இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போது நிறுப்போம். கழித்தால் வருவதுதான் சரக்கு. துவாரகன் இந்தத் தராசில் முனாப்பை ஏற்றினான். “அவன்ர படம் கண்ணாடி மாதிரிக் கிடக்கு, குரல் காதுக்குள்ள வந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. உதெல்லாம் சாமான். சாமானைக் கழிச்சுப் பாருங்கோ, முனாப் எண்டு ஒண்டும் மிஞ்சாது.”

அந்தச் சாமான் என்னவென்று முனாப்பிடமே போனில் கேட்டான்.

“சும்மா ஒண்டு மச்சான்” என்றானாம் முனாப்.

“பாத்தீங்களோ, ஒளிக்கிறான்!” என்று துவாரகன் மேசையில் தட்டினான்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் லொறியின் எடையைவிட மென்பொருளின் எடையே அதிகம் பேசப்பட்டது. எனக்கு அந்தக் கேமில் பிரேக் எது என்றே தெரியாது. ஆனால் எந்த மென்பொருள் கொம்பியூட்டரை இழுத்துப் பிடிக்கும், எது பிடிக்காது என்று நித்திரையிலும் சொல்வேன். முதலில் அவன் கொம்பியூட்டரோடு சேர்ந்தே வருகிற பதிவுக் கருவியைப் பாவித்தான். படம் கலங்கலாக வந்தது. பிறகு காசு கட்டிப் பாவிக்கும் ஒன்றை, கட்டாமல் பரீட்சித்துப் பார்த்தான். அது படத்துக்கு நடுவில் தன் பெயரைக் குறுக்காக எழுதிவைத்தது. “லொறிக்கு மேல என்ன, விலைச்சீட்டோ?” என்று கேட்டுவிட்டுக் கீர்த்தனி எழுந்து போனாள். மூன்றாவது ஒன்று பதியத் தொடங்கினால் கேமே விக்கத் தொடங்கியது. வளைவுக்கு முன்னால் இருந்த லொறி வளைவுக்கு அப்பால் தோன்றும், நடுவில் நடந்தது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்” என்றாள் கீர்த்தனி. அதை அவன் அன்று முழுவதும் பொத்தானை விட்டுவிட்டு முணுமுணுத்தான்.

ஒருநாள் முனாப் தன் மேசையைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். வேலை முடிந்து வாசலில் போனைத் திருப்பி எடுத்ததும் துவாரகன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தான். (போனை உள்ளே கொண்டுபோக எங்களுக்கு அனுமதியில்லை. காலையில் காவலரிடம் கொடுத்து, பின்னேரம் வாங்கவேண்டும்.) மேசையின் மூலையில் ஒரு கறுத்தப் பெட்டி, அதில் பச்சை வெளிச்சம்.

“கப்சர் கார்ட்! படத்தைத் தனியாப் பிடிச்சுப் பதியிற பெட்டி. உதுதான் அவன்ர குட்டு.”

“எனக்கு உது ரௌட்டர் மாதிரிக் கிடக்கு” என்றேன்.

“உங்களுக்குத் தெரியாது.”

எனக்குத் தெரியாதுதான். ஆனால் எங்கள் வீட்டிலும் அதே பெட்டி, அதே பச்சை வெளிச்சத்தோடு இருக்கிறது. ஆரோடு பறைவது.

கொழும்பிலிருந்து கப்சர் கார்ட் பஸ்ஸில் வந்தது. குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த நாள் முகம் தொங்கிப்போய் வந்தான். அந்தப் பெட்டி இன்னொரு கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கானதாம். ஒன்றில் விளையாடி மற்றதில் பதியவேண்டும். இவனிடம் இருந்தது ஒன்றுதான். வயர் கொம்பியூட்டரின் முதுகால் வெளியே போய், பெட்டிக்குள் நுழைந்து, திரும்ப அதே கொம்பியூட்டருக்குள் வந்தது. கிணற்றில் அள்ளிய தண்ணீரை வளவைச் சுற்றிக் கொண்டுவந்து அதே கிணற்றில் ஊற்றின மாதிரி. பாரம் ஒரு இறாத்தல்கூடக் குறையவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முனாப்பும் அவன் மனைவி ஜெஸீமாவும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். துவாரகனும் கீர்த்தனியும் போனார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். கிண்ணியா எங்களுக்கு உண்மையாகவே அக்கரை, போய்ப் பார்க்காமல் அவனுக்கும் ஆறாது. சாப்பிட்ட கை காயமுதல் முனாப்பின் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான்.

மறுநாள் தராசுக்கு வந்து கதிரையில் விழுந்தான்.

“அது ரௌட்டர்தான்” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு எனக்கு ஒரு பதக்கம் தரவேண்டும்.

“கொம்பியூட்டர் என்ரையைவிடப் பழசு. ரெக்கோர்ட் பண்ணுறது சும்மா கிடைக்கிற மென்பொருள், உலகமே பாவிக்கிறது. மைக் ஹெட்செட்டில வந்தது, காத்துச் சத்தத்துக்கு ஒரு பழைய காலுறை சுத்தியிருக்கிறான். காலுறை, நிவேதிகா!”

அன்றைக்குத்தான் அவனுக்கு உண்மையான எரிச்சல் வந்தது. அதுவரை வந்தது ஒத்திகை. சாமானைக் கழித்தால் முனாப் ஒன்றுமில்லாமல் போவான் என்று நம்பியிருந்தவனுக்கு, கழிக்க அங்கே சாமானே இருக்கவில்லை. முழுப் பாரமும் முனாப்தான். ‘சும்மா ஒண்டு’ என்று அவன் சொன்னது ஒளிப்பு இல்லை, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறான். பொய்யைப் பொறுக்கலாம், இதை எப்படிப் பொறுப்பது?

துவாரகனும் அதே மென்பொருளை இறக்கினான். அமைப்புகளைத் தோண்டி, பதியும் வேலையைக் கொம்பியூட்டரின் மூளையிடமிருந்து எடுத்து, படம் காட்டுகிற சிப்பிடம் கொடுத்தான். விக்கல் நின்றது. படம் முனாப்பின் படத்தைவிடத் தெளிவாக வந்தது. நல்ல மைக்கும் பூட்டினான். எல்லாம் வந்தது, பார்க்கத்தான் ஆள் வரவில்லை. கீர்த்தனிக்கு வழக்கம்போல முதல் சந்தியில் அடுப்பு நினைவு வந்தது.

அப்போதுதான் முனாப் கூப்பிட்டான். “மச்சான், போயா லீவுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ஓடுவம். நீ உன்ட சனல்ல போடு, நான் என்ட சனல்ல போடுறன்.” துவாரகன் ஓம் என்றான். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் கூப்பிட்டால் போகாமல் இருப்பதில்லை.

போயா தினத்தன்று பகல், அவன் பாலையூற்றில், முனாப் கிண்ணியாவில். இருவரும் கதைப்பதற்கு ஒரு செயலி. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் இவன் குரல் முனாப்புக்குப் போகாது. இனி நான் விளக்கத் தேவையில்லை. முனாப் ஒரு பகிடி விடுவான். இவன் குரலை மறித்துவிட்டு, தராசு அறையில் இருக்கிற நினைப்பில், வேப்பெண்ணெயை ஊற்றுவான். பிறகு திறந்து, “ஐயோ, சுப்பர் மச்சான்!” என்பான். பின்னேரம்வரை லொறி ஓடியது, வேப்பெண்ணெயும் ஓடியது.

அடுத்த நாள் காலை வேலைக்கு வெளிக்கிடும் அவசரத்தில் வீடியோவை அப்படியே சனலில் ஏற்றிவிட்டான். போட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை. அவன் தன்னுடைய வீடியோவைக் கேட்பதே இல்லை. கேட்பதற்கு அவனுக்கு முனாப்பின் வீடியோ இருந்தது. வாசலில் போனைக் காவலரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து அமர்ந்தான்.

தேத்தண்ணீர் நேரம் தாண்டியிருக்கும். மூதூர் ஸெய்னுதீன் நானாவின் லொறி மேடையில் ஏறியது. துவாரகன் பொத்தானை அழுத்தினான்.

“நானா, கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ.”

ஸெய்னுதீன் நானா எடுக்கவில்லை. கதவால் தலையை நீட்டிச் சிரித்தார். “எடுக்கன் தம்பி. இப்ப பொத்தான விட்டுட்டு எனக்கு என்னத்தச் சொல்லப் போறீங்க?”

துவாரகன் என்னைப் பார்த்தான். நான் உதட்டைப் பிதுக்கினேன்.

“கேக்கச் சனம் கிடைச்சாக் கழுதையும் பாடும் என்டீங்களே,” என்றார் நானா, “ரோட்டில நிக்கிற எல்லா லொறியிலயும் அதுதான் ஓடுது. வயிறு நோகுது சிரிச்சு.”

துவாரகனின் முகத்திலிருந்து நிறம் இறங்கியதைக் கண்ணால் கண்டேன். அந்தக் கழுதைக் கதையை அவன் தன் அறையில் தனியாக இருந்து சொல்லியிருந்தான். நான்கூடக் கேட்டதில்லை. பொத்தானைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

“செயலியில மறிச்சா முனாப்புக்குத்தான் கேளாது. ரெக்கோர்ட் பண்ணுற மென்பொருள் மைக்கை நேர எடுக்கும். அதுக்குப் பொத்தான் இல்ல, நிவேதிகா.”

அழிக்கப் போன் இல்லை. வெளியே போக வழியும் இல்லை, லொறி வரிசை பெரிய தெருமட்டும் நின்றது. ஒவ்வொரு சாரதியும் ஒவ்வொரு வசனம் கொண்டுவந்தார். “கிண்ணியாப் பாலத்தை இவன்தான் கட்டினவன் மாதிரிக் கதைக்கிறான்.” “காலுறைக்குள்ளால கதைக்கிறவனுக்கு இவ்வளவு சனமோ.” சுப்பர் மச்சானைச் சொல்லாதவர் இல்லை. துவாரகன் ஒவ்வொன்றுக்கும் தலையைக் குனிந்து எடையை எழுதினான். முதன்முறையாக அன்று பொத்தானை விட்ட பிறகும் பேசவில்லை.

மத்தியானம் அவனுக்கு இன்னொன்று நினைவு வந்தது. கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

“கீர்த்தனியைப் பற்றியும் சொன்னனான்.”

“என்ன சொன்னீங்கள்?”

“என்ர மனுசி குசினிக்குள்ள நிண்டு இவனுக்குச் சிரிக்கிறாள். நான் கதைச்சா உப்பில்லாத கறியைத் திண்ட மாதிரி முகத்தை வைக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருக்கிறன், இவன் சும்மா வந்து எடுத்துக்கொண்டு போறான் எண்டு.”

நான் பில் அடித்தேன்.

பின்னேரம் வாசலில் போனை வாங்கினான். அவன் சனலில் இதுவரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராத கூட்டம் அந்த ஒரு வீடியோவுக்கு வந்திருந்தது. அழிப்பதற்கு விரலை வைத்தான், போன் அடித்தது. முனாப். எடுக்காமல் விடுவான் என்று நினைத்தேன், எடுத்தான். முனாப்பின் குரல் பெரியது, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

“முழுக்கக் கேட்டன் மச்சான்.”

துவாரகன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“என்ட காலுறைக்கு என்ன குறை?” முனாப் தானே தொடர்ந்தான். “கோவம் வந்த. ஜெஸீமாவும் போனை வெச்சிட்டு வாங்க எண்டா. பொறகு என்ட வீடியோவைப் பாத்தன். அதே ஓட்டம்தானே? என்டதப் பாக்க ஒத்தரும் இல்ல. கீழ வாறவனெல்லாம் உன்ட வீடியோ எங்க எண்டுதான் கேக்கான்.” குரல் இறங்கியது. “உன்ட குரல் அப்பிடித் துல்லியமா விழுந்திரிக்கு. எதில மச்சான் ரெக்கோர்ட் பண்ணின?”

அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். எத்தனையோ நாளாகப் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்ட குரல்தான், ஆள்தான் வேறு.

துவாரகன் கடலைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

“சும்மா ஒண்டு மச்சான்” என்றான்.

வீடியோவை அழிக்கவில்லை. பஸ்ஸில் பாலையூற்றுவரை பல்லைக் காட்டிக்கொண்டே போனான். இறங்கும்போதுதான் வீட்டில் கீர்த்தனி இருப்பது நினைவு வந்திருக்கவேண்டும், பல்லு உள்ளே போனது.

மிச்சத்தைக் கீர்த்தனி எனக்குச் சொன்னாள். அவன் வந்தபோது போன் சீனிப் போத்தலில் சாய்ந்திருந்தது, வீடியோ முடிந்திருந்தது.

“கடைசிமட்டும் பாத்தன்” என்றாளாம்.

“சிரிச்சனீயோ?”

“கண்ணால தண்ணி வரச் சிரிச்சன். பிறகு என்ர கதை வந்திச்சு.” அடுப்பை அணைத்திருக்கிறாள். “ஊருக்கெல்லாம் சொன்னீங்கள். எனக்கு ஒருநாளும் சொல்லேல்ல. இஞ்ச வாங்கோ. மைக்கும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம். கதிரையைப் போட்டு இருந்து, அதை என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.”

துவாரகன் கதிரையைப் போட்டு இருந்தானாம். வாயைத் திறந்தானாம், மூடினானாம். அழுத்துவதற்கு ஒரு பொத்தானும் இல்லாமல் கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினானாம். உரித்து முடித்ததும் இன்னொன்றை எடுத்தானாம். காதுமட்டும் சிவந்துபோய் இருந்தானாம். அதைப் பார்த்துத்தான் கீர்த்தனி சிரித்திருக்கிறாள், எங்கள் வரிசையை எழுப்பி நிறுத்திய அந்தச் சிரிப்பு. எனக்குச் சொல்லும்போதும் சிரித்தாள். “விசரன்டி, என்ர சிரிப்புக்கு இவ்வளவு காலமும் எரிஞ்சுகொண்டு இருந்திருக்கிறான்” என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டிருக்கவேண்டும்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். பிறகு எனக்குள் எழுந்தது என்னவென்று எனக்குத் தெரியும், இத்தனை நாள் அதோடுதானே ஒரே அறையில் வேலை செய்தேன். முனாப்பின் காலுறை மீது துவாரகனுக்கு வந்த எரிச்சலைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது.

வெள்ளிக்கிழமை என் கணவர் எடுத்தார்.

“சாப்பிட்டாச்சோ?”

“ஓம்” என்றேன். “இண்டைக்கு வேலையில நல்லாச் சிரிச்சனான். எங்கட துவாரகன் இருக்கிறாரெல்லோ, அவர் சிரிக்க வைச்சவர். வயிறு நொந்து போச்சு.”

காத்திருந்தேன்.

“சரி” என்றார். வைத்தார்.

அதற்குப் பிறகு நானும் கொஞ்ச நேரம் கதைத்தேன். அதை எந்த மைக்கும் எடுக்கவில்லை.